தலைப்பை யார் தருவது?

எங்க அக்கா மகளுக்கு நான் ஒரு அநியாயம் செய்யப் பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். சாதி இந்துக்கள் நமக்குச் செய்த அநியாயங்களை நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். எழுதித் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனால் இது நான் செய்யப் பார்த்தது. பாசத்தோடு, கொள்கையோடு செய்யப் பார்த்தது. அதனால் அதையும் எழுதிவிட வேண்டும்.

அவள் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவள். எங்க தெருவில் பிசிக்ஸ் படித்த முதல் பொண்ணு. அவங்கப்பா செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர். அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது அவர் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். தோள்பட்டைத் தோல் செருப்புத் தோல் மாதிரி காய்த்துக் கிடக்கும். அவருடைய மகள் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டாள். 2023 ஜனவரியிலிருந்து அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அந்தத் தொகையை மாசச் சம்பளமாக எங்கள் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை.

எங்க அக்கா கேட்டது ரெண்டே கேள்வி. 'அஞ்சு வருசம் படிக்கணும்ங்கிறியே, அதுக்கப்புறம் வேல குடுப்பாங்களா?' அடுத்தது, 'என்னாத்தப் பத்திடி ஆராய்ச்சி?'

முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ரெண்டாவது கேள்விக்கு மூணு பதில் வந்தது. அந்த மூணு பதிலின் கதைதான் இது.

முதல் பதில் ஒரு பேராசிரியர் கொடுத்தது. எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். அவள் போய்ப் பார்த்தாள். அவர் உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். 'தலைப்பு ரெடியா இருக்கும்மா. துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலம். உனக்கு முன்னாடி அஞ்சு பேர் பண்ணியிருக்காங்க. நீ அதுல வேற ஒரு உலோகத்தைக் கொஞ்சம் கலந்து பண்ணு. மெஷின் இருக்கு. மூணு நாலு பேப்பர் வந்துடும். உங்களுக்கெல்லாம் இது போதும்மா, சீக்கிரம் முடிச்சிட்டு வேலைக்குப் போகலாம்.'

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, 'உங்களுக்கெல்லாம்னா யாருக்கெல்லாம் சின்னம்மா?' என்றாள். அக்காவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

மெல்லிய படலம் மட்டமான ஆராய்ச்சி என்று சொல்ல வரவில்லை. நம் கையில் இருக்கும் செல்போன் திரையே படலத்தின் மேல் படலமாகச் செய்ததுதான். விருப்பத்தோடு அதை எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் அதை விரும்பி எடுத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. 'உங்களுக்கெல்லாம் இது போதும்' என்று அளந்து கொடுத்ததுதான் பிரச்சினை. களத்து மேட்டில் படி அளந்த அதே கை.

ரெண்டாவது பதில் என்னுடையது.

நான் இயக்க வேலை செய்கிறவள். உண்மை அறியும் குழுக்களில் போவேன். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் செத்துப்போனவர்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டில், இறந்தவரின் சம்சாரம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: 'உள்ள காத்து கெட்டுப் போயிருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிக்க வழியே இல்லியாம்மா?' அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது.

அந்தக் கெட்ட காற்றில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு என்ற அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குவான். ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறியிருந்தால் சில மூச்சிலேயே சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்வான். ஒரே குழியில் ரெண்டு மூணு பேராகச் சாவது இதனால்தான்.

துத்தநாக ஆக்சைடு, டின் ஆக்சைடு போன்றவற்றின் படலத்தைச் சூடேற்றி வைத்தால், சில வாயுக்கள் பட்டதும் அதன் மின்தடை மாறும் என்று அவள்தான் எப்போதோ எனக்குச் சொல்லியிருந்தாள். உடனே எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. பேராசிரியர் கொடுத்த படலத்தை வைத்தே நம்ம வேலையைச் செய்துவிடலாம். 'ஏய் பாப்பா, அந்தப் படலத்தை எடு. ஆனா சாக்கடை வாயுவைக் கண்டுபிடிக்கிற கருவியா செய். நம்ம சனங்க உசுரைக் காப்பாத்துற ஆராய்ச்சி. பிசிக்ஸ் படிச்சதுக்கு அர்த்தம் இருக்கும்' என்றேன். கூட்டத்தில் பேசுகிற குரலில்தான் சொன்னேன். எங்க அக்காகூட, 'நல்லாத்தான இருக்குது' என்றாள்.

அவள் பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எங்கள் தொகுப்பு வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலைகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. அன்றைக்கு ஊரே பெருமைப்பட்டது. தேசிங்கு ராஜன் 1714இல் செத்ததை இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். அந்தக் கல்லையெல்லாம் மலை உச்சிக்கு ஏற்றின தோள் யாருடையது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

இந்த மூணு மலையோடு நாலாவதாக ஒரு சின்ன மலை இருக்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். சமார் டிக்ரி என்றும் குறிப்பிடுகிறார்கள். ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை, சந்திரனுக்கு ஒரு மலை. செருப்புத் தைத்த மக்களின் பெயரில் ஒரு சின்ன மலை. வருகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள், மூச்சிருந்தால் கிருஷ்ணகிரியும் ஏறுவார்கள். இதில் முள்ளும் புதருமாகக் கிடக்கும். எங்கள் பறைத்தெருப் பிள்ளைகளே அந்தப் பேரை வசவாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நமக்குக் கீழே ஒருத்தன் என்று காட்டுகிற புத்தி நம்மிடமும் இருக்கிறது. அதை இந்தப் பத்திரிகையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

மாடிக்கு நானும் ஏறினேன். அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

'சின்னம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா, கோவப்படாத.'

'சொல்லு.'

'சாக்கடைக் காத்தைக் கண்டுபிடிக்கிற மிசினு கடையிலயே விக்கிது. சட்டைப் பையில மாட்டிக்கிற அளவுல இருக்குது. அது இல்லாததாலயா செத்தாங்க? வாங்கி வெக்காதது யாரு? மனுசனை எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுன்னு நீதான சொன்ன. இருந்தும் எறக்குறது யாரு? அது பிசிக்ஸ் கேள்வி இல்ல. அது ஒன் கேள்வி.'

எனக்கு வாயடைத்துவிட்டது. அவள் சொன்னது சரி. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. அது போதாது என்று 2013இல் இன்னொன்று வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. குழியில் இறங்கித் துப்புரவு செய்கிற எந்திரம் 2018இலேயே கேரளாவில் செய்து காட்டியாகிவிட்டது. சட்டம், தீர்ப்பு, கருவி, எந்திரம் என்று எல்லாம் வந்துவிட்டது. உள்ளே இறங்குகிற ஆள் மட்டும் அதே ஆள். காண்ட்ராக்டருக்குக் கருவியைவிட நம் உயிர் மலிவு. இந்தக் கணக்கை எந்தப் படலமும் மாற்றாது.

'அப்ப ஒனக்கு என்னதான் புடிச்சிருக்கு?' என்றேன்.

கையை மேலே நீட்டினாள். 'அது.'

மூணாவது பதில் அதுதான். நட்சத்திரம்.

காலேஜில் படிக்கும்போது ஜவ்வாது மலையில் காவலூருக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. நம் நாட்டிலேயே செய்தது. அதைப் பார்த்து வந்தவள், அதற்குப் பிறகு நட்சத்திர ஒளியைப் பற்றியே படித்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து நீளமாக விரித்தால் நடுவில் கறுப்புக் கோடுகள் விழும். எந்தத் தனிமம் எங்கே கோடு போடும் என்று கணக்கு இருக்கிறது. அதை வைத்து அந்த நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லலாம். வானியல்காரர்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மிச்சம் எல்லாமே 'உலோகம்'தானாம். உலோகம் ரொம்பக் குறைவாக இருக்கிற நட்சத்திரங்கள் ரொம்பப் பழையவை. அவை பிறந்தபோது அண்டத்தில் உலோகமே அதிகம் உண்டாகியிருக்கவில்லை. அந்த மாதிரிக் கிழட்டு நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து, முதன்முதலில் எது எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். அதுதான் அவள் ஆசை.

'யாருக்கு என்ன பிரயோசனம் பாப்பா?' கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். 'நீ ஏன் சின்னம்மா எம்.ஏ.வோட நிறுத்துன?'

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு எம்.ஏ.வில் பிடித்தது தொல்காப்பியம். அதிலும் எழுத்ததிகாரம். ஒரு சொல்லும் இன்னொரு சொல்லும் சேரும் இடத்தில் ஒலி ஏன் மாறுகிறது, எங்க தெருவில் பேசுகிற பேச்சில் அது எப்படி வேறு மாதிரி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆய்வுக்குச் சேர ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போனேன். முற்போக்கானவர் என்று பேர் எடுத்தவர். அவர் சிரித்துக்கொண்டே, 'உனக்கு எதுக்கும்மா இலக்கணம்? தலித் நாவல் ஒண்ணு எடுத்துக்க. உன் வாழ்க்கைதானே, உனக்கு சுலபமா வரும்' என்றார். நம் எழுத்தைத்தான் அவர் சொன்னார். அதை நான் உயிராக நினைக்கிறேன். ஆனால் எனக்கு வேறு வாசல் இல்லை என்று சொல்லி அதைக் காட்டியபோது, நம் இலக்கியத்தையே எனக்குச் சேரி மாதிரி ஆக்கிவிட்டார். வெளியே வந்தேன், திரும்பப் போகவில்லை.

அந்தப் பேராசிரியரை எத்தனை மேடையில் திட்டியிருக்கிறேன். இப்போது எங்க அக்கா மகளுக்கு நான் சொன்னது என்ன? 'உனக்கு எதுக்கு நட்சத்திரம்? சாக்கடையை எடுத்துக்க, அது உன் சனத்தோட விசயம்.' அதே வாக்கியம்தான். அவர் சொன்னபோது சாதி, நான் சொன்னால் மட்டும் விடுதலையா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பாபாசாகேபை நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லோரும் அவர் பேரைச் சொல்கிறோம். அவர் டாக்டர் பட்டத்துக்கு எதை எடுத்தார் என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? கொலம்பியாவில் எடுத்தது பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி. அது 1925இல் நூலாக வந்தது. லண்டனில் எடுத்தது ரூபாயின் சிக்கல். 1922இல் கொடுத்தார். திருத்தித் தரச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. வாங்கினார். சாதியைப் பற்றி அவர் எழுதாமல் இல்லை. 1916 மே மாதம் கொலம்பியாவில் ஒரு கருத்தரங்கில் வாசித்த கட்டுரை சாதியைப் பற்றியதுதான். ஆனால் பட்டத்துக்கு எடுத்தது பணம். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவர், ஒரு பேரரசின் நாணயத்தைக் கையில் எடுத்து உரசிப் பார்த்தார். நாணயம் பற்றிய ராயல் கமிஷன் 1925-26இல் விசாரித்தபோது போய்ச் சாட்சியம் சொன்னார். 1927 மார்ச்சில் அதே மனிதர்தான் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். ரூபாயை ஆராய்ந்ததால் அவர் குளத்தை மறந்துவிடவில்லை.

காலையில் இதை அவளிடம் சொன்னேன். அவள் பதிலுக்கு மேகநாத் சாகாவைச் சொன்னாள்.

சாகா 1893இல் டாக்கா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா சின்னக் கடை வைத்திருந்தார். நம்மைப் போல் தீண்டாமைப் பட்டியலில் இருந்த சாதி அல்ல. ஆனால் வங்கத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட சாதி. கல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் தங்கிப் படித்தபோது, உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மறுத்திருக்கிறார்கள். அவருக்கு யாரும் தலைப்பு எடுத்துக் கொடுக்கவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்துகொண்டு, ஆக்னஸ் கிளார்க் என்ற அம்மையார் வானவியல் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதிய புத்தகங்களைப் படித்தார். அதில் விடை தெரியாமல் கிடந்த கேள்விகள் அவரைப் பிடித்துக்கொண்டன. வகுப்புக்காகப் படித்த வெப்ப இயக்கவியலும் கூடவே இருந்தது. ரெண்டையும் சேர்த்தார். நட்சத்திரத்தின் சூட்டில் அணுக்கள் எலக்ட்ரானை எந்த அளவுக்கு இழக்கும் என்பதற்கு 1920இல் சமன்பாடு போட்டார். அதுவரைக்கும் கோடுகளை வரிசை பிரித்து வைத்திருந்தார்களே தவிர, அந்தக் கோடு இந்தச் சூட்டைக் காட்டுகிறது என்று கணக்காகச் சொல்ல முடியாமல் இருந்தது. சாகாவால்தான் அது முடிந்தது.

அந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்தார் என்பதையும் சொன்னாள். சிசிலியா பெய்ன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். 1925இல் ராட்கிளிஃப் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார். சாகாவின் கணக்கை வைத்துப் பார்த்ததில், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று வந்தது. பூமியில் இருப்பவைதான் ஏறக்குறைய அதே அளவில் நட்சத்திரத்திலும் இருக்கும் என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் என்ற பெரிய வானியலாளர் அது இருக்க முடியாது என்றார். அவருக்காக, இந்த அளவு உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டில் தானே எழுத வேண்டியதாயிற்று. நாலு வருசம் கழித்து 1929இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

'ஒதுக்கி வெச்சு சாப்பிட்டவரு கணக்கை, பொம்பளன்னு ஓரமா உக்கார வெச்சவங்க எடுத்துப் போட்டாங்க சின்னம்மா. சூரியன் எதால ஆனதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இதுல எனக்கு எடம் இல்லியா?' என்றாள்.

சாகா பிறகு என்ன செய்தார் என்பதையும் நான் தேடிப் படித்தேன். நதி வெள்ளம், அணைத் திட்டம், தொழில் வளர்ச்சி என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1952இல் தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார். பஞ்சாங்கத்தைச் சீர்திருத்தும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நட்சத்திரத்தைப் பார்த்தவர் தரையை விட்டுப் போய்விடவில்லை.

இப்படி எல்லாம் பேசி முடித்து நான் மனசு மாறிவிட்டேன் என்று இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். முடிக்க முடியாது. தலைப்பை நாம் தேர்ந்தெடுத்தால் போதுமா? நம்மை யார் தேர்ந்தெடுப்பது?

செந்தில்குமாரை மறந்திருக்க மாட்டீர்கள். சேலம் மாவட்டத்துக்காரர். பன்றி வளர்க்கும் பன்னியாண்டிச் சமூகத்தில் பிறந்து, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதே இயற்பியலில் ஆய்வுக்குச் சேர்ந்தவர். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியில் தன் உயிரை முடித்துக்கொண்டார். அதன் பிறகு பல்கலைக்கழகம் வினோத் பவராலா தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தத் துறையில் நெறியாளர் ஒதுக்குவதில் ஒழுங்கான நடைமுறை இல்லை, அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டு மாணவர்களே என்று அந்தக் குழு சொன்னது. அதே பல்கலைக்கழகத்தில்தான் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். அறிவியலையும் நட்சத்திரங்களையும் இயற்கையையும் நேசித்தவர். கார்ல் சாகனைப் போல் அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டதை அவருடைய கடைசிக் கடிதத்தில் படித்தோம்.

சேரிப்பிள்ளைக்கு நட்சத்திரத்தின் மேல் ஆசை வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கூரையில் ஓட்டை இருக்கிறவனுக்குத்தானே வானம் முதலில் தெரியும். வாசலில் நிற்கிறவன் 'உனக்கு நெறியாளர் இல்லை' என்று சொல்வதுதான் கொடுமை. ஒரு இளைஞனுக்கு எந்தக் கேள்வி பிடிக்கிறது என்று கேட்க ஒரு ஆளே இல்லாமல் வருசத்தை ஓட்டவிடுவது, கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாததற்குச் சமம்தான். அடியில்லை, வசவில்லை, சாட்சியும் இல்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். போக நினைத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பக்கம். அதில் அவள் கேட்டு எழுதி வைத்திருந்தவை இவை:

முதல் வருசம் பாடம் படித்து முடித்ததும் நெறியாளரை யார் ஒதுக்குவது? எழுத்தில் விதி இருக்கிறதா? ஒதுக்காவிட்டால் யாரிடம் போவது? இந்த நெறியாளரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருசத்தில் முடித்தார்கள்? நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன்? கட்டுரையில் மாணவர் பேரை முதலில் போடுவாரா? தொலைநோக்கி நேரம் கிடைக்காவிட்டால் வேறு தரவு இருக்கிறதா? நினைத்தது வராவிட்டாலும், வரவில்லை என்பதையே ஆய்வேடாக எழுத முடியுமா? எஸ்.சி., எஸ்.டி. பிரிவு பேருக்கு இருக்கிறதா, ஆள் உட்கார்ந்திருக்கிறதா?

கடைசியில் ஒரு வரி: 'யாரும் கேக்கலன்னாலும், மார்க் இல்லன்னாலும், இதைப் பத்தி ராத்திரியில படிப்பனா?'

இந்தக் கேள்விகளுக்குப் பதிலை அங்கேயே படித்துக்கொண்டிருக்கும் சீனியர்களிடம் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். ரெண்டு பேர் வெளிப்படையாகப் பேசினார்கள். ஒருத்தர் போனையே எடுக்கவில்லை. எடுக்காததையும் எழுதி வைத்திருந்தாள்.

தரவைப் பற்றிச் சொன்னாள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் திரட்டியதை 2022இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்களாம். ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள். அதில் சுமார் 22 கோடிக்கு ஒளியைப் பிரித்துப் பார்த்த விவரமும் உண்டாம். காலேஜில் கிடைத்த லேப்டாப்பில் அதிலிருந்து கொஞ்சம் இறக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இத எறக்கறதுக்கு யாரும் சாதிச் சான்றிதழ் கேக்கல சின்னம்மா' என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தரவுக்குச் சாதி இல்லை என்பதால் ஆய்வகத்துக்குச் சாதி இல்லை என்றாகிவிடாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறாள்.

போகும் முன்னால் அவளும் நானும் ஒரு நாள் சாயங்காலம் சக்கிலி துர்க்கத்தின் அடிவாரம் வரை நடந்தோம். முள் கிழித்தது. மேலே ஏற வழி சரியில்லை. அங்கேயே ஒரு பாறை மேல் உட்கார்ந்தோம். பகல் சூடு பாறையில் மிச்சமிருந்தது.

'ஒன் மேல கோவம் இல்ல. சாக்கடை சாவு எனக்கும் வலிக்கிது. கடனை மறந்துட்டு ஓடிடுவன்னு நெனைக்காத. ஆனா கடனை எப்பிடிக் கட்டணும்னு நீ சீட்டு எழுதித் தராத. நான் கட்டிக்கிறன்' என்றாள்.

'சரி. சாக்கடை என் வேலை. அத நான் பாத்துக்கிறேன். நீ போய் ஒன் வேலையப் பாரு' என்றேன்.

இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஆய்வுக்குப் போகும்போது நாம் ஒரு மூட்டையைத் தூக்கி அவர்கள் தலையில் வைக்கிறோம். சமூகத்துக்குப் பிரயோசனமா, இயக்கத்துக்கு உதவுமா என்று கேட்கிறோம். மற்ற வீட்டுப் பிள்ளைகளை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர்களுக்குக் கடலின் நீலத்தை ரசித்து ஆராய உரிமை இருக்கிறது. நம் பிள்ளைக்கும் அந்த உரிமை வேண்டும். சாக்கடையை எடுத்து ஆராய விரும்புகிற பிள்ளை இருந்தால் அதுவும் அதன் உரிமை. தலைப்பைப் பிள்ளை எடுக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நெறியாளர் ஒதுக்கியாச்சா? உதவித்தொகை மாசாமாசம் வருதா? பேச ஆள் இருக்கா?

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கே என்று எழுதவில்லை. அவளை நிம்மதியாகப் படிக்கவிட வேண்டும். முதல் வருசப் பாடம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பேசுவாள். எங்க அக்கா முதலில் வாங்கி, 'சாப்ட்டியா?' என்று கேட்பாள். அப்புறம் நான் வாங்கி, 'கைடு விசயம் என்னாச்சு?' என்று கேட்பேன். 'இன்னும் ஒதுக்கல சின்னம்மா, அடுத்த மாசமாம்' என்றாள் போன வாரம்.

அடுத்த மாசமும் கேட்பேன்.